ஜூலையில் ஆடம்ஸ் மலை, தனியாக, ஸ்கீயோடு

போர்ட்லாந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, மவுண்ட் ஹூட்டில் லிஃப்ட் ஏறி பிளாக் டைமண்ட் என்கிற கடினமான சரிவு வரை இறங்கப் பழகிவிட்டேன், ஸ்கீயோடே மலையேறுகிற டூரிங் செட்டும் வாங்கியாயிற்று, கூட வரத்தான் ஆள் இல்லை, ஜூலையில் ஆடம்ஸ் மலைக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம் தம்பி. ஆனால் எல்லோரும் படம் போடுகிற சவுத்வெஸ்ட் ஷூட்ஸ் என்ற தென்மேற்குச் சரிவு முதல் தடவைக்கு வேண்டாம். தெற்குப் பாதையில் ஏறி, ஏறிய வழியிலேயே சறுக்கி இறங்குங்கள். ஜூலை பாதிக்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு வெயில் பனியைத் தின்று, மேற்பரப்பு முழுக்கப் பணியாரக்கல் மாதிரி குழி குழியாகிவிடும். அதில் ஸ்கீ ஓட்டினால் முழங்கால்தான் வலிக்கும். ஜூலை கடைசியில் காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ளலாம்.

மலையின் உயரம் 12,276 அடி. வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியருக்கு அடுத்தது இதுதான். ட்ரௌட் லேக் ஊரைத் தாண்டி, கோல்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் காரை விடுகிற இடம் சுமார் 5,600 அடி. ஆக ஏற்றம் 6,700 அடி, போக வர 12 மைல். கடைசி சில மைல் மண் சாலை மோசம். தாழ்வான கார் அடி வாங்கும். பனி அதிகம் விழுந்த வருடங்களில் ஜூன் கடைசி வரைகூட மேல் சாலை திறக்காது. கிளம்புமுன் ட்ரௌட் லேக் ரேஞ்சர் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 7,000 அடிக்கு மேல் போக அனுமதிச்சீட்டு வேண்டும், ஆன்லைனில் எடுக்கலாம். மலம் கழித்தால் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதும் விதி. முகம் சுளிக்காமல் இரண்டு பை எடுத்துவையுங்கள்.

தெற்குப் பாதையில் பனியாற்றுப் பிளவுகளைக் கடக்கிற வேலை இல்லை, கயிறு தேவையில்லை. தனியாகப் போகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். இங்கே ஆளைக் கவிழ்ப்பது நேரக் கணக்கு. கோடையில் நீங்கள் தேடிப் போகிற பனிக்கு கார்ன் என்று பெயர். பகலில் உருகி இரவில் உறைந்து, பல நாள் இப்படி மாறி மாறி நடந்து ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்ட பனி. காலையில் அது சிமெண்ட் தரை. வெயில் ஏறி மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகும்போது அதைவிடச் சுகமான சறுக்கல் கிடையாது. இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால் கஞ்சி. இந்த மூன்றுக்கும் நடுவில் சரியான நேரம் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். தெற்குச் சரிவில் ஜூலைத் தெளிந்த நாளில் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் அது வரும். தென்மேற்குப் பக்கம் இன்னும் தாமதம்.

இதில் ஒரு நிபந்தனை, முந்தைய இரவு உறைந்திருக்க வேண்டும். அதற்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயே ஆக வேண்டும் என்றில்லை. வானம் தெளிவாக இருந்தால் காற்று இரண்டு மூன்று டிகிரியில் நின்றாலும் பனியின் மேல்தோல் தன் சூட்டை வானத்துக்கு விட்டு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவு போர்வை போட்ட மாதிரி, உறையாது. மார்கழியில் மேகமில்லாத விடியல் எப்படி நடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதே சங்கதிதான். எனவே வானிலை அறிக்கையில் உறைநிலை உயரத்தை (எந்த உயரத்தில் காற்று பூஜ்ய டிகிரியைத் தொடும் என்பதை) மட்டும் பார்க்காதீர்கள், இரவு மேகத்தையும் பாருங்கள். வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் தினசரி எச்சரிக்கை வசந்தத்தோடு நின்றுவிடும். ஜூலையில் பனிச்சரிவுக் கணிப்பு நீங்களே செய்துகொள்வதுதான்.

இனி நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். பத்தரைக்கு ஸ்கீயை மாட்டிக்கொண்டு கீழ்நோக்கி நிற்க வேண்டும். சராசரி ஆள் மணிக்கு ஆயிரம் அடி ஏறுவார், மூட்டையோடும் இளைப்பாறுதலோடும் 6,700 அடிக்கு எட்டு மணி நேரம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அதிகாலை இரண்டு மணிக்கே நடக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் தடவைக்கு இரண்டு நாளாகப் பிரிப்பதே நல்லது. முதல் நாள் லஞ்ச் கவுண்டர் என்ற மேடு வரை, சுமார் 9,300 அடி. காற்றுக்கு மறைப்பாகக் கல் அடுக்கிய வளையங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும், கூடாரத்தை அதற்குள் போடலாம். மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் மூவாயிரம் அடிதான் பாக்கி. கடல் மட்டத்தில் வசிக்கிற உடம்புக்கு ஓர் இரவு மேலே தூங்குவது உதவும். உச்சியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி லேசாக வந்தால் தண்ணீர் குடித்து நிதானமாக ஏறலாம். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் இறங்குவதுதான் மருந்து.

லஞ்ச் கவுண்டருக்கு மேலே செங்குத்தான நீண்ட சரிவு ஒன்று பைக்கர்ஸ் பீக் வரை போகும், சுமார் 11,650 அடி. உச்சி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. பொய் உச்சி அது. அங்கிருந்து கொஞ்சம் இறங்கி, சமதளம் தாண்டி, மறுபடி அறுநூறு அடி ஏறினால்தான் நிஜ உச்சி. அந்தச் சமதளத்தில் மேகம் சூழ்ந்தால் திசையே தெரியாது, போனில் வரைபடத்தையும் ஏறிய தடத்தையும் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள். பத்தரை மணிக்கு நீங்கள் இன்னும் பைக்கர்ஸ் பீக்கில் இருந்தால் நிஜ உச்சியை விட்டுவிடுங்கள். இந்த மலையில் நல்ல சறுக்கல் எல்லாம் பைக்கர்ஸ் பீக்குக்குக் கீழேதான். மேலே உள்ள அறுநூறு அடி வெறும் கணக்குக்கு.

இறங்கலாமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஊன்றுகோலைச் சும்மா வைத்து அழுத்துங்கள். முனை வழுக்கினால் காத்திருங்கள். இரண்டு விரல் ஆழம் போனால் இறங்குங்கள். பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தாலோ, நீங்கள் திரும்பும்போது பனி உருண்டைகள் சக்கரம் போல உருண்டு ஓடினாலோ நேரம் தாண்டிவிட்டது. ஈரப் பனி மொத்தமாகச் சரியத் தொடங்குவதற்கு அடையாளம் அது. உடனே சரிவு குறைவான மேடு பக்கம் ஒதுங்கி இறங்குங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி தனி ஆளுக்குப் பெரிதாக உதவாது, தோண்டி எடுக்கக் கூட ஆள் இல்லையே.

அதே சரிவில் ஸ்கீ இல்லாதவர்கள் உட்கார்ந்து சறுக்கி, வாய்க்கால் போலப் பள்ளம் பறித்து வைத்திருப்பார்கள். காலையில் அதன் விளிம்பு கல்லாக உறைந்திருக்கும், ஸ்கீ முனை மாட்டினால் தலைகுப்புறத்தான். பத்து பதினைந்து மீட்டர் தள்ளிக் கோடு போட்டு இறங்குங்கள்.

ஷூட்ஸ் ஏன் வேண்டாம் என்றால், சரிவைவிட அடிவாரம்தான் பிரச்சினை. மேலே ஏறத்தாழ 35 டிகிரி, நாலாயிரம் அடி நெருங்கும் ஒரே ஓட்டம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 7,800 அடி அளவில் நின்று இடப்பக்கம் குறுக்கே வெட்டி வர வேண்டும். சுகத்தில் இன்னும் கீழே போனால் ரவுண்ட் தி மவுண்டன் பாதையையும் தாண்டி, 2012 தீயில் எரிந்த காட்டில் விழுந்த மரங்களுக்கு நடுவே ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு மாலை வரை தடுமாற வேண்டும். வலப்பக்கம் விலகினாலோ அவலாஞ்ச், ஒயிட் சால்மன் பனியாறுகள், பிளவுகள். அங்கே ஆள் நடமாட்டமும் இல்லை. தெற்குப் பாதையில் சனி, ஞாயிறில் கூட்டம் இருக்கும்; தனியாகப் போகிறவர் அந்தக் கூட்டத்தைச் சபிக்கக் கூடாது.

எரிமலைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஜூலையில் முதல் ஒன்றிரண்டு மைல் பனி இருக்காது, பொடி மண்ணும் நுரைக்கல்லும்தான். அதில் ஸ்கீ பூட்ஸோடு நடக்காதீர்கள், சாதாரண ஷூவில் நடந்து ஸ்கீயையும் பூட்ஸையும் பையில் கட்டுங்கள். காரணம் கால்வலி மட்டுமில்லை. பூட்ஸ் முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் பைண்டிங்கின் (பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டின்) ஊசி உட்காரும் சிறு குழி இருக்கிறதே, அதில் இந்தப் பொடி ஈரத்தோடு அடைந்து இறுகிவிடும். ஊசி பாதிதான் உட்காரும், பார்க்க மாட்டிய மாதிரியே இருக்கும், செங்குத்தில் முதல் திருப்பத்தில் கழன்றுகொள்ளும். சிறிய ஸ்க்ரூடிரைவரால் குழியைச் சுரண்டுங்கள். பைண்டிங்கின் முன் நெம்புகோலுக்கு அடியில் பனிக்கட்டி சேர்ந்தாலும் இதே கதை, அதை ஊன்றுகோல் முனையால் குத்தி எடுத்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் பூட்டுவதற்கு முன் குதிகாலைத் தூக்கி நான்கைந்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள், மிச்சப் பொடி உதிரும். ஒரு ஸ்கீ கழன்று ஓடினால் ஆயிரக்கணக்கான அடி நடந்துதான் இறங்க வேண்டும். அதனால் பிரேக் இருந்தாலும் காலோடு கட்டும் வார் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீ அடியில் ஒட்டுகிற ஸ்கின் பட்டையின் பசைக்கும் இந்த மண் எதிரி. கழற்றியதைத் தரையில் போடாமல் நேராக மடித்து ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். கறுப்புப் பாறையை ஒட்டிய பனி உள்ளுக்குள் உருகிப் பொந்தாக இருக்கும், அதன் பக்கத்தில் கால் வைத்தால் இடுப்பு வரை போகும். பாறையிலிருந்து ஒரு மீட்டர் விலகி நடங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்கீக்கும் பூட்ஸுக்கும் தனித்தனி கிராம்பான் (உறைபனியில் பிடிக்கும் இரும்பு முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக் கோடாலி, ஹெல்மெட். ஐஸ் ஆக்ஸை வாங்கி மாட்டிவைத்தால் போதாது. கீழே பாறையில்லாத, தானே சமதளத்தில் முடிகிற சிறு சரிவில் விழுந்து நிறுத்தப் பழகுங்கள், தலைகீழாக விழுந்தும் பழகுங்கள். கிராம்பான் மாட்டிய காலோடு உட்கார்ந்து சறுக்கவே கூடாது, முள் மாட்டிக் கணுக்கால் முறியும். பழுது பார்க்க ரப்பர் வார் மூன்று, கம்பி, டேப், பைண்டிங் திருகுக்குப் பொருந்தும் முனை. மூன்று லிட்டர் தண்ணீர். லஞ்ச் கவுண்டரில் மாலையில் ஓடும் ஓடை காலையில் உறைந்திருக்கலாம், அடுப்பும் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். குளிரில் சோறு விறைத்து மணல் மாதிரி ஆகிவிடும். சப்பாத்திச் சுருள், கடலை மிட்டாய், பேரீச்சை போதும்.

நம் தோல் கறுப்பு, வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். பனி கீழிருந்து அடிக்கும். மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பும் தாடையின் அடியும் உரியும். கண்ணாடி பக்கவாட்டு மறைப்போடு இருக்கட்டும். கண் வெந்தது ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், மண்ணள்ளிப் போட்ட மாதிரி எரியும், இரவில் காரோட்ட முடியாது.

லிஃப்ட் சரிவிலிருந்து நேரே இங்கே வராமல், ஜூனில் ரெய்னியரின் பாரடைஸிலிருந்து கேம்ப் மியூர் பக்கம் பாதி தூரமாவது ஏறி இறங்கிப் பாருங்கள். ஹூட்டின் பாமர் சரிவில் கோடையில் லிஃப்ட் ஓடுகிறதே என்பீர்கள். அங்கே உப்புத் தூவிப் பனியை இறுக்கி வைக்கிறார்கள், அதை வைத்துக் கோடைப் பனியை எடைபோட முடியாது.

கடைசியாக, கீழே இருப்பவர். தங்கை, நண்பர், அறைத்தோழர், யாரானாலும் ஒருவரிடம் எழுதியே கொடுங்கள்: காரின் நிறம், நம்பர், எந்தப் பாதை, கூடாரத்தின் நிறம், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் அவசர எண் 911ஐ அழைக்க வேண்டும் என்று. வாஷிங்டனில் தேடுதல் மீட்பு ஷெரிஃப் பொறுப்பு, தேடி மலையேறி வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். உதவி கேட்டால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று புதிதாக வந்தவர்கள் தயங்குவதுண்டு. உயிர் போகிற நேரத்தில் தயங்கவே தயங்காதீர்கள். மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது, இன்ரீச் மாதிரிச் செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள், பேட்டரி குளிரில் இறங்கும், சட்டைப் பையில் வையுங்கள். கோல்ட் ஸ்பிரிங்ஸில் காருக்கு வந்ததும் அந்தக் கருவியிலிருந்தே ‘வந்துவிட்டேன்’ என்று அனுப்பிவிடுங்கள். ட்ரௌட் லேக் போய்ப் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று காரிலேயே கண்ணயர்ந்துவிட்டால், அவர் குறித்த மணிக்கு 911ஐ அழைத்துவிடுவார்.