இரண்டாம் நாள் காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பள்ளி ஆசிரியை, வயது 43. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். வரும் ஜனவரியில் நாங்கள் பன்னிரண்டு பேர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறோம். ஏழு நாள், தினமும் சராசரி 110 கி.மீ. பெண்கள் மூன்று பேர். எல்லோருமே என்னைவிட வேகமானவர்கள். குழுவுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னுடையது சாதாரண ஹைபிரிட் சைக்கிள். குனிந்து ஓட்டும் வேக சைக்கிளான ரோடு பைக் வாங்கிவிடலாமா? மூன்று மாதத்தில் தயாராக முடியுமா?

கே., தாம்பரம்

அன்புள்ள கே.,

முடியும். இரண்டு வருடம் விடாமல் ஓட்டியவருக்கு மூன்று மாதம் போதும். ஆனால் எதற்குத் தயாராகிறோம் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். 110 கி.மீ. என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, தயாராகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் 110 என்பது வெறும் பிடிவாதத்திலேயே முடித்துவிடக்கூடிய தூரம். முதல் நாள் புதுச்சேரி போய்ச் சேரும்போது எல்லோரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, நேற்று நொந்த அதே உடம்போடு மறுபடியும் சீட்டில் ஏறி உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். நீங்கள் தயாராக வேண்டியது அந்தக் காலைக்கு.

அதனால் இனிமேல் ஞாயிறு மட்டும் போதாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டுங்கள். முதலில் 40, 30. அப்புறம் வாரத்துக்குப் பத்து பத்தாகக் கூட்டுங்கள். வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் போய்வந்தால் உங்களுக்கு 90 அளவில் வரும். டிசம்பர் நடுவில் சனிக்கிழமை அதை ஓட்டிவிட்டு, ஞாயிறு காலை எழுந்து இன்னொரு 70 ஓட்ட முடிந்தால் கவலையே வேண்டாம். நடுவில் சில வாரங்களை மழை எடுத்துக்கொள்ளும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓட்டாதீர்கள், முழங்கால் தாங்காது. கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

புது சைக்கிள் வேண்டாம். இரண்டு வருடம் பழகிய சைக்கிளில் உங்கள் முதுகும் கையும் ஏற்கெனவே படிந்திருக்கின்றன. ரோடு பைக்கில் குனிந்து உட்காரும் விதமே வேறு, அதற்கு உடம்பு பழக மாதங்கள் ஆகும். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல டயரும், பேட் வைத்த இரண்டு ஷார்ட்ஸும் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, தினமும் துவைத்து உலர்த்த வேண்டும். தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். ஏழு நாள் பயணத்தை நடுவில் விட்டவர்களில் கால் வலியால் விட்டவர்களைவிடத் தோல் உரிந்து விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சீட் உயரத்தை இப்போதே சரி பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சர்வீஸை இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புது பிரேக், கியர் கேபிள் ஓட்ட ஓட்டக் கொஞ்சம் தளரும், அதை வீட்டுப் பக்கத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

பஞ்சர் போட நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவி, முள்ளை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். உங்கள் சக்கரத்தில் மோட்டார் சைக்கிள் மாதிரித் தடித்த வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதமாகிவிடும். முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பேரீச்சையோ உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓஆர்எஸ் பாக்கெட் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் அளவில் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஜனவரியில் வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருந்து தள்ளும். அது பெரிய உதவிதான், ஆனால் முகத்தில் காற்று படாததால் நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதே தெரியாது, வேர்வையும் சீக்கிரம் உலராது.

இதில் பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று நம்மில் பலர் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர்க்கடுப்பு வந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். முன்கூட்டியே மூன்று பேரும் உட்கார்ந்து பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், வேளாங்கண்ணி, உவரி போன்ற கோயில் ஊர்கள் எங்கெங்கே வருகின்றன என்று குறித்து, குழு நிற்கும் இடங்களே அவைதான் என்று முடிவு செய்துவிடுங்கள். ஒன்பது ஆண்கள் போடும் திட்டத்தில் இது தானாக வராது. கேட்டால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே சாலையில் நானும் குழுவாகப் போனேன். நாலாவது நாள், தொண்டி தாண்டி. முன்னால் போனவர்களின் வேகம் எனக்கு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அதிகம், அவ்வளவுதான். சொல்லக் கூச்சம். பாட்டிலை எடுக்கக் கையை விட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தேவிபட்டினம் வருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் எனக்காக இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். காலையிலேயே “கொஞ்சம் மெதுவா போலாமா” என்று கேட்டிருந்தால் இருபது நிமிடம்தான் தாமதமாகியிருக்கும். மெதுவாக ஓட்டுபவர் யாருக்கும் பாரம் இல்லை, கே. நான் அன்று பாரமானது மறைத்ததால்.

குழுவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்களைக் கடைசியில் விடக் கூடாது. முன்னால் ஒருவர் லேசாக பிரேக் பிடித்தாலும் அது பின்னால் வர வர நீண்டு, கடைசி ஆள் விரட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். மெதுவாக ஓட்டுபவர் இரண்டாவது இடத்தில் இருந்தால் முன்னால் இருப்பவர் காற்றை மறைப்பார், வேகமும் தானாகவே உங்கள் அளவுக்கு வரும். கடைசியில் பலமான ஒருவர் வரட்டும். இன்னொன்று, ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கிட வேண்டும். வேகமாகப் போனவர்கள் டீ குடித்து முடித்து, பின்னால் வந்தவர் இறங்கியதும் “கிளம்பலாமா” என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்குத்தான் ஓய்வே கிடைக்காமல் போகிறது.

இதையெல்லாம் பேச்சில் விட்டுவிடாமல், பன்னிரண்டு பேரும் சேர்ந்து குறைந்தது இரண்டு முறையாவது ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகவே கூடாது, உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். குழி, வேகத்தடை, பின்னால் வரும் பஸ் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாகப் போகாமல் ஆறு ஆறாகப் பிரிந்து, நடுவில் பஸ் ஒதுங்கும் அளவுக்கு இடம் விடுங்கள்.

இந்த வாரமே சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை உடம்பு எப்படி இருந்தது, எங்கே வலித்தது என்று எனக்கு எழுதுங்கள். சீட்டை ஏற்றுவதா இறக்குவதா என்று அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா