நட்சத்திரத்துக்காக உதவி செய்யும் பிள்ளை: சேவையைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: எங்களுக்கு 9 வயதில் ஒரு மகனும் 5 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். இயேசுவைப் போலப் பிறருக்குப் பணிவிடை செய்யும் பிள்ளைகளாக அவர்கள் வளரவேண்டும் என்று ஆசைப்பட்டு, செய்யும் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை ஒன்றைச் சுவரில் மாட்டினோம். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போதோ, கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கச் சொன்னால்கூட, "இதற்கு எத்தனை நட்சத்திரம்?" என்று மகன் கேட்கிறான், யாரும் பார்க்காதபோது எதுவும் செய்வதில்லை. அடுத்த மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். மகள் பயந்து, வரமாட்டேன் என்கிறாள். அவளைக் கட்டாயப்படுத்தலாமா? வேதத்தில் எந்தப் பகுதியிலிருந்து இவர்களுக்குச் சேவையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குவது?

பதில்: உங்கள் மகன் சுயநலக்காரனாக மாறிவிட்டான் என்று வருந்தாதீர்கள். உதவி என்பது விலை பெறுவதற்குரிய ஒன்று என்று அந்த அட்டவணை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவன் அதைச் சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

சிறு பிள்ளைகளிடம் உதவும் மனம் இயல்பிலேயே இருக்கிறது என்பதற்கு ஆராய்ச்சியின் சாட்சியும் உண்டு. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமாசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுகிறார். பதினெட்டு மாதக் குழந்தைகள், யாரும் கேட்காமலும் எந்தப் பரிசும் இல்லாமலும், தள்ளாடி நடந்துபோய் அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். இதே இருவர் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவியதற்காகப் பொருளைப் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வெறும் பாராட்டைப் பெற்றவர்களிடமும் எதுவுமே பெறாதவர்களிடமும் அப்படிப்பட்ட சரிவு காணப்படவில்லை. பரிசு, ஏற்கெனவே இருந்த விருப்பத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே அட்டவணையை நிறுத்துங்கள். ஆனால் கோபத்தில் ஒருநாள் கிழித்து எறியாதீர்கள். அது தண்டனையாகத் தெரியும். இப்போதுள்ள தாள் நிரம்பட்டும், வாக்குக் கொடுத்தது ஏதேனும் இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். பிறகு, "இது நாங்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு, இப்போது இது வேண்டாம் என்று முடிவுசெய்திருக்கிறோம், இனி நாம் ஒருவருக்கொருவர் சும்மாவே உதவிக்கொள்வோம்" என்று நேராகச் சொல்லுங்கள். சில வாரங்கள் அவன் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் உதவும்போது "நல்ல பிள்ளை" என்று பட்டம் கொடுப்பதைவிட, அந்த உதவியால் என்ன நடந்தது என்பதைச் சொல்வது நல்லது: "நீ தங்கைக்குச் செருப்பு மாட்டிவிட்டதால் அவள் அழாமல் கிளம்பினாள்." அவன் பார்வை தன்மேலிருந்து தங்கையின்மேல் திரும்புகிறது, சேவையைக் கற்பது என்பதில் பெரும்பகுதி இந்தத் திரும்புதல்தான்.

வேதம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஒரு கேள்வி வரும், வரவேண்டும்: "இயேசுவே பலன் உண்டு என்று சொல்லியிருக்கிறாரே?" உண்மைதான். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று சொன்ன உடனேயே, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலனளிப்பார் என்கிறார். ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பவனும் தன் பலனை அடையாமற்போவதில்லை என்று மாற்கு 9-இல் வாக்குறுதி இருக்கிறது. இதை மழுப்பாதீர்கள். பிதா தம் பிள்ளைக்கு மனமகிழ்ந்து கொடுப்பதும், வேலையாள் கணக்குப் பார்த்துக் கூலி கேட்பதும் ஒன்றல்ல என்று விளக்குங்கள். மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பின்போது ராஜாவின் வலதுபக்கம் நிற்கிறவர்களை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்: "ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டு உமக்குப் போஜனங்கொடுத்தோம்?" என்று அவர்கள் வியந்து கேட்கிறார்கள். பலன் பெறுகிறவர்களுக்குத் தாங்கள் செய்ததே நினைவில் இல்லை, கணக்கு வைத்திருந்தவர் ராஜா மட்டுமே. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே பிடிபடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனில் பலரும் தொடங்குவார்கள். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13-இல் தொடங்கச் சொல்வேன் நான். கிறிஸ்தவ விசுவாசத்தில் சேவைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நாம் சேவையைப் பெறுகிறோம், அதன் பிறகே செய்கிறோம். "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்ற மாற்கு 10:45-இல் அந்த வரிசை தெளிவாக இருக்கிறது. இதைத் தவறவிட்டுவிட்டு "நீ செய், நீ செய்" என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தால், நல்லது செய்தால்தான் தேவன் நம்மை நேசிப்பார் என்ற எண்ணம் அவன் மனதில் வேரூன்றிவிடும். சுவிசேஷத்துக்கு நேர்மாறான அந்த எண்ணத்தைப் பின்னாளில் பிடுங்கி எடுப்பது மிகக் கடினம்.

கதையை அவசரப்படாமல் சொல்லுங்கள். அன்றைய பாதைகளில் செருப்பணிந்து நடந்துவந்தவர்களின் கால்களில் புழுதி ஒட்டியிருக்கும். அதைக் கழுவுவது அந்த வீட்டின் கடைசி வேலையாளின் வேலை. இயேசு சீஷர்களோடு உண்ட அந்தக் கடைசி இராப்போஜனத்திலேயே, தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்தார்கள் என்று லூக்கா 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் நடுவே இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். இங்கே நிறுத்தி, "தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் கால்களை அவர் கழுவியிருப்பாரா?" என்று கேளுங்கள். கழுவினார், யூதாஸ் வெளியே போனது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் இதில் திகைப்பார்கள். அந்தத் திகைப்பை உடனே விளக்கிக் கலைத்துவிடாமல் சற்று இருக்கவிடுங்கள்.

அடுத்து பேதுருவிடம் வாருங்கள். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று அவன் மறுக்கும்போது, "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்கிறார் இயேசு. பெற்றுக்கொள்ளத் தெரியாதவன் கொடுக்கவும் முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். இரவு ஜெபத்துக்கு முன், "இன்று நீ யாருக்கு என்ன செய்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று உனக்காக யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு சமைத்தவர், பள்ளியில் கழிவறையைச் சுத்தம் செய்தவர், பென்சில் கொடுத்த தோழன் என்று பட்டியல் வளரும். தன்னைச் சுற்றி இத்தனை பேருடைய பணிவிடை இருக்கிறது என்று காணத் தொடங்கிய பிள்ளைக்கு, தானும் அதில் சேர்ந்துகொள்வது பெரிய தியாகமாகத் தோன்றாது.

வீட்டு வேலையையும் சேவையையும் பிரித்துப் பாருங்கள் என்பது என் அடுத்த ஆலோசனை. தன் தட்டைக் கழுவுவதும் படுக்கையை மடிப்பதும் குடும்பத்தில் ஒருவன் என்ற முறையில் அவன் செய்யவேண்டிய கடமைகள். அவற்றுக்குக் கூலியும் இல்லை, பெரிய பாராட்டும் தேவையில்லை, விருப்பம் இல்லை என்பதற்காக விலக்கும் இல்லை. அவன் முணுமுணுத்தால் மத்தேயு 21-இல் வரும் இரண்டு குமாரரை நினைத்துக்கொள்ளுங்கள்: "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பு போனவனே தகப்பனின் சித்தத்தைச் செய்தவன். முகமலர்ச்சியை முதல் நாளே கேட்காதீர்கள். ஆனால் கடமைக்கு மேற்பட்ட சேவையில் பிள்ளைக்குத் தேர்வு இருக்கவேண்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சேமிப்பிலிருந்து எவ்வளவு கொடுப்பது, எந்தப் பொம்மையைக் கொடுப்பது, நோயுற்ற நண்பனுக்குப் படம் வரைந்து அனுப்புவதா அல்லது தொலைபேசியில் பேசுவதா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். அவர்கள் கொடுப்பது உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும் அதைத் திருத்தாதீர்கள். இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளிக்கப் பயன்படுத்திய ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த பையனைக் குறித்து, "இவைகள் எம்மாத்திரம்" என்று சொன்னது வளர்ந்த ஒரு சீஷனே.

இன்னொன்றையும் கவனியுங்கள். வசனத்தைக் கண்டிப்பதற்கான பிரம்பாகப் பயன்படுத்தவேண்டாம். அண்ணனும் தங்கையும் சண்டையிடும்போது, "இயேசு கால் கழுவினார், நீ இதைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டாயா?" என்று கேட்டால் பிள்ளை வெட்கப்படும், விட்டும் கொடுக்கும், அந்த வசனத்தை மட்டும் பிறகு விரும்பாது.

முதியோர் இல்லத்துக்குச் செல்வது நல்ல காரியம். ஆனால் ஐந்து வயது மகளைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்லாதீர்கள். அவளுக்கு எதைக் கண்டு பயம் என்று முதலில் கேட்டறியுங்கள். சக்கர நாற்காலியா, மருந்து வாடையா, அந்நியர்கள் கன்னத்தைத் தொடுவதா? அங்கே என்ன காண்பாள் என்பதை முன்கூட்டியே எளிமையாகச் சொல்லுங்கள்: சிலருக்குக் காது கேட்காது, சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒருவர் காரணமின்றி அழக்கூடும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம், யாரையும் கட்டியணைக்கவேண்டியதில்லை, போதும் என்று தோன்றினால் வெளியே வரலாம் என்று உறுதி கொடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால், அவள் வரைந்த ஒரு படத்தை அண்ணன் கொண்டுபோகட்டும்.

மகனுக்கு அங்கே ஒரே ஒரு பணி போதும்: ஒரு பெரியவருடைய பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு, அவரிடம், "உங்களுக்கு நான் ஏதாவது செய்யலாமா?" என்று கேட்பது. எரிகோவுக்கு வெளியே குருடனாகிய பர்திமேயுவைக் கண்ட இயேசு, அவனுக்கு என்ன வேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரிந்தபோதும், "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். கேட்பது மரியாதை, உதவி பெறுகிறவரும் தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய மனிதர் என்பதை அந்தக் கேள்வி ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பெரியவர் பாட்டு வேண்டாம், செய்தித்தாளை வாசித்துக் காட்டு என்று சொல்லலாம். ஒத்திகை பார்த்த பாட்டை விட்டுவிட்டு வாசிப்பதே அன்றைய சேவை. பிள்ளைகள் உதவுவதைப் படம் பிடித்துப் பரப்பவேண்டாம் என்று ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இடதுகை அறியாதிருக்கவேண்டிய ஒன்றைக் கைபேசி ஊரறியச் செய்துவிடுகிறது; அங்கே தங்கியிருப்பவர்களும் தங்கள் தளர்ச்சி காட்சிப்பொருளாவதை விரும்பமாட்டார்கள். முடிந்தால் சில வாரங்களில் மீண்டும் போங்கள். அந்தச் சமாரியனும் காயங்களைக் கட்டியதோடு விட்டுவிடவில்லை. மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, "நான் திரும்பிவரும்போது" என்று பேசினான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தரங்கமாய்ச் செய்வதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் அதே நாளில், அது பெற்றோரிடமிருந்து மறைப்பது அல்ல என்பதையும் திட்டவட்டமாகச் சொல்லிவிடுங்கள். "இது நமக்குள் இருக்கட்டும், அம்மா அப்பாவிடம் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அவர் சபையில் எவ்வளவு மதிக்கப்படுபவராக இருந்தாலும், உடனே வீட்டில் சொல்லவேண்டும். பணிவிடை செய்வது எல்லாருக்கும் கீழ்ப்படிவது ஆகாது. களைப்பாக இருக்கும்போது முடியாது என்று சொல்லவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. வந்துபோகிற ஜனத்தின் நெருக்கத்தில் சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறும்படி இயேசுவே அழைத்தார்.

நட்சத்திரங்களை நிறுத்தியபின் உங்கள் மகன் சந்திக்கப்போகும் உண்மையான சோதனை, அவன் உதவியவர் நன்றிகூடச் சொல்லாமல் போகும் நாளில் வரும். அன்று அவன் மனவருத்தத்தோடு வந்தால், "எதிர்பார்க்கக் கூடாது" என்று உபதேசிக்காதீர்கள். பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானபின் திரும்பிவந்தவன் ஒருவன்தான் என்பதையும், "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார் என்பதையும் லூக்கா 17-இலிருந்து அவனோடு சேர்ந்து வாசியுங்கள். நன்றி கிடைக்காதது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, மறுபடியும் அந்த நபருக்கு உதவ விரும்புகிறாயா என்று கேட்டு, அவன் சொல்லும் பதிலை, அது இல்லை என்பதாக இருந்தாலும், அன்றைக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.