பிரசவமானதும் தாய்க்கு முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு சொட்டைக்கூடக் கொட்டாதீர்கள்.

மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருப்பதால் அதைக் 'கெட்ட பால்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு. அந்த மஞ்சள், வைட்டமின் ஏ தரும் கரோட்டின்களால் வரும் நிறம். சீம்பாலில் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதம் நிறைந்திருக்கிறது. அது குடலின் உட்சுவரில் கிருமிகள் ஒட்டாமல் காக்கிறது. முதலில் வரும் கருப்பு மலம் வெளியேறவும் இந்தப் பால் உதவும். "கொஞ்சம்தானே வருகிறது" என்று பயப்படாதீர்கள். முதல் நாளில் குழந்தையின் வயிறு அவ்வளவு சின்னது. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் கிடைத்தாலே போதும்.

அப்புறம், சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு நாக்கில் தடவுவது உண்மையிலேயே ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

சரி, தாய்க்கு என்ன நன்மை? குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்குகிறது, ரத்தப்போக்கு குறைகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது அதனால்தான். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைவதாகக் கண்டது.

சிசேரியன் ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க முயலுங்கள். குழந்தையைப் பிடித்து வைக்க நர்ஸிடம் தயங்காமல் உதவி கேளுங்கள்.