24-ஐத் தாண்டாத சராசரி

அன்புள்ள ஐயா,

நீங்கள் சைக்கிள் பற்றி எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். எனக்கு 46 வயது. டாக்டர் சொன்னார் என்று ஒன்றரை வருடம் முன்பு ஒரு ரோடு பைக் வாங்கினேன். முதல் ஆறு மாதத்தில் சராசரி வேகம் 19-லிருந்து 24 கிலோமீட்டருக்கு ஏறியது. அப்புறம் ஒரு வருடமாக அசையவில்லை. ஞாயிறுதோறும் ஒரே சாலையில் 30 போய் 30 வருகிறேன். உயிரைக் கொடுத்து மிதித்தாலும் வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால் 24தான். காற்றைக் குறை சொல்லலாம் என்றால், போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, இரண்டுக்கும் சரியாகப் போய்விடுகிறதே. குழுவோடு போனால் பாதி வழியில் என்னைக் கழற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். கார்பன் ஃபிரேம் வாங்கு, தானாக 3 கூடும் என்கிறார் நண்பர். இதற்கு நடுவில் இரண்டு மாதமாக முழங்காலின் முன்பக்கம் வலி வேறு. “60 கிலோமீட்டர் போய்விட்டு அதே வாசலுக்குத்தானே வருகிறீர்கள், எதற்கு?” என்று மனைவி கேட்கிறார். அதற்கும் பதில் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

முதலில் முழங்காலைப் பார்ப்போம். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது. முன்பக்கம் வலித்தால் அநேகமாக சீட் தாழ்வாக இருக்கும். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடல்மேல் வைத்து, பெடலை அடிவரை இறக்குங்கள். கால் முழுதாக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட்டை ஏற்றுங்கள். ஒரேயடியாக வேண்டாம், ஒரு தடவைக்கு 3, 4 மில்லிமீட்டர் போதும். ஓட்டும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அப்போது வலி முழங்காலின் பின்பக்கம் போய் உட்காரும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ‘உயிரைக் கொடுத்து மிதித்தாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கனமான கியரைப் போட்டு அமுக்கி அமுக்கி மிதிக்கிறவராக இருக்கலாம். கியரை இளக்கிவிட்டு நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி மிதித்துப் பாருங்கள். முதல் வாரம் சர்க்கஸ் கரடி மாதிரி உணர்வீர்கள். பிறகு பழகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வலி குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், எனக்கு எழுதாதீர்கள்.

இனி அந்த 24.

காற்று சரிக்குச் சரியாகப் போய்விடும் என்பதை நானும் பல வருடம் நம்பினேன். ஒரு நாள் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். எதிர்க்காற்றில் 20-இல் போகிறீர்கள், பின்காற்றில் 30-இல் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனசு உடனே 25 என்று சொல்லும். ஆனால் போவதற்கு ஒன்றரை மணி நேரம், வருவதற்கு ஒரு மணி நேரம். ஆக 60 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், 24. எதிர்க்காற்று தூரத்தில் பாதியைத்தான் எடுக்கிறது, நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சராசரி என்பது நேரத்தை வைத்து வருவது. அதனால் காற்றடிக்கிற நாளில் போய்த் திரும்புகிற எவருக்கும் நஷ்டம்தான், சமன் ஆகவே ஆகாது. (ஆனால் பாருங்கள், பின்காற்று வீசும்போது அது காற்று என்றே நமக்குத் தோன்றாது. இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறோம் என்றுதான் தோன்றும்.)

அடுத்தது, 19-லிருந்து 24-க்கு ஆறு மாதத்தில் வந்த நீங்கள் 24-லிருந்து 27-க்கு ஏன் வரமுடியவில்லை என்பது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். சமதளத்தில் 24-இல் போகும்போது நம் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் காற்றே சாப்பிடுகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி டயருக்கு. 27-க்கு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் இப்போது கொடுப்பதைப் போல இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்றே மூன்று கிலோமீட்டருக்கு! சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொடு என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், உங்கள் தொடைகளின் நிலைமை புரியும்.

ஆகவே ஒரு வருடமாக நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. அந்த எண் அப்படி நிற்கிறது, அவ்வளவுதான். அதே சாலையில் அதே 24-ஐ ஒரு வருடம் முன்பு எடுத்தபோது வீடு வந்ததும் என்ன செய்தீர்கள்? நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன், பிற்பகல் முழுக்கத் தூக்கம். இப்போது? அதை எழுதுகிற கட்டம் செயலியில் இல்லை.

கார்பன் பற்றி. நண்பர் சொல்கிற ‘தானாக 3’ ஃபிரேமுக்குள் இல்லை. உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 85 கிலோ என்றால், 2 கிலோ குறைவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். அரை மணி நேரம் ஏறுகிற மலையில் அது முக்கால் நிமிடம் போல மிச்சம் பிடித்துக் கொடுக்கும். சமதளத்தில் நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள், ஏனென்றால் காற்றுக்கு எடை தெரியாது. அதற்குத் தெரிவது உருவம், அந்த உருவத்தில் பெரும்பகுதி நாம்தான். முழங்கையை மடக்கி, தோளை ஒடுக்கி, தலையைச் சற்றே தாழ்த்தி ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், காசு செலவில்லாமல் வித்தியாசம் தெரியும். படபடவென்று அடித்துக்கொள்ளும் தொளதொளச் சட்டையை மாற்றுங்கள். செலவழித்தே தீருவேன் என்றால் நல்ல டயர் வாங்குங்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரைக் கல்மாதிரி காற்றடித்து ஓட்டுவதுதான் வேகம் என்று இருந்தது. இப்போது பந்தயக்காரர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள், காற்றும் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். கரடுமுரடான சாலையில் கல் டயர் துள்ளித் துள்ளியே சக்தியை வீணாக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகும் கார்பன் ஃபிரேமைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது என்றால் வாங்குங்கள். அழகாக இருக்கிறது என்பது வாங்குவதற்குப் போதுமான காரணம். வேகத்துக்காக என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், கணக்குக் கேட்பார்கள்.

இனி நான் கொஞ்சம் வெட்கப்படுகிற விஷயம். எனக்கும் ஒரு எண் இருந்தது, 26. ஒன்றரை வருடம் அதன் பின்னால் ஓடினேன். ஒரு காலை, காற்றே இல்லை, கால் நன்றாக ஓடுகிறது, சைக்கிளில் மாட்டிய குட்டிக் கம்ப்யூட்டரில் 26.1. வீட்டுக்கு இன்னும் 2 கிலோமீட்டர்தான். ஒரு சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. நின்றால் 26 போய்விடும். எழுந்து நின்று மிதித்தேன். நடுவில் போகும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கையில் துணிப்பை, சிக்னலை நம்பி ஒரு காலை இறக்கிவிட்டார். என்னைப் பார்த்ததும் முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஒரு முழ இடைவெளியில் அவரைச் சுற்றிப் போனேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த 26.1 இன்னும் என் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. நாலைந்து பேர் பாராட்டியும் இருக்கிறார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டர் திரையில் வேகம் வருகிற இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். தூரமும் நேரமும் தெரியும், வேகம் தெரியாது. (எந்தக் கட்டம் தெரிய வேண்டும் என்பதை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்.) முதல் வாரம் கண் அந்தக் கறுப்பின் மேலேயே போய்ப் போய் நின்றது. அப்புறம் மெல்ல வேறு விஷயங்கள் வந்தன. செயின் ஒரு இடத்தில் ‘டிக்’ என்று தட்டுவது கேட்டது, பார்த்தால் ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தது, எத்தனை நாளாகவோ. ஏற்றத்தில் பேச முடிகிற மூச்சும் பேச முடியாத மூச்சும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தெரிந்தது. என் அனுபவத்தில் எந்த மீட்டரையும்விட அதுதான் நல்ல அளவுகோல். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் நாள் முழுக்க ஓட்டலாம், இரண்டு சொல்லோடு நின்றால் இருபது நிமிடம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பு விளக்கில் நிற்பது சும்மா நிற்பதாகிவிட்டது, யாரோ என்னிடமிருந்து திருடுகிற மாதிரி இல்லை.

மெதுவாக ஓட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மூச்சு முட்ட ஓட்டுங்கள். 4 நிமிடம் முழு வேகம், 4 நிமிடம் ஓய்வு, நாலைந்து தடவை. மற்ற நாளில் நிஜமாகவே இலகுவாக ஓட்டுங்கள். நம்மைப் போன்றவர்கள் செய்கிற தவறு, எல்லா நாளும் அரைகுறைச் சிரமத்தில் ஓட்டுவது. அதில் களைப்பும் போகாது, பலமும் ஏறாது. 60-ஐ முடிப்பதற்குள் கடைசி பத்தில் கால் துவண்டு கண் இருட்டினால் அது பெரும்பாலும் உடற்பயிற்சிக் குறைவு அல்ல, பசி. உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை கடும் உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள்.

குழு உங்களைக் கழற்றிவிடுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவர்களுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளியில் போகிறீர்கள்? புதியவர்கள் பயத்தில் மூன்று, நாலு சைக்கிள் நீளம் விடுவார்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துத் தருகிற பலன் அங்கே குறைந்துவிடும். ஒரு சக்கர அளவு இடைவெளியில் போனால் காற்றோடு மல்லுக்கட்டுவதில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகும். முன்னால் போகிறவருடைய பின்சக்கரத்தையே வெறிக்காமல் அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உங்கள் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைய விடாதீர்கள். அவர் பள்ளத்தைப் பார்த்துக் கொஞ்சம் விலகினால் போதும், இரண்டும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது பின்னால் இருக்கிறவர்தான். என் இடது முழங்கையில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

இவ்வளவு செய்தும் விட்டுவிட்டுப் போனால், அது நீங்கள் இருக்க வேண்டிய குழு இல்லை. காத்திருக்காத குழுவைப் பரிசில்லாத பந்தயம் என்றுதான் நான் சொல்வேன். நெடுந்தூரக்காரர்கள் பக்கம் போய்ப் பாருங்கள். 200 கிலோமீட்டர் ‘பிரெவே’ (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) என்றால் பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். 1891-இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சுமார் 1200 கிலோமீட்டர். இன்று அதை ஓட்டுகிற அமெச்சூர்களுக்கு அதிகபட்ச நேரம் 90 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர், வழிதவறல் எல்லாம் சேர்த்து மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம் வந்தால் போதும். அங்கே யாரும் உங்கள் 24-ஐக் கேட்கமாட்டார்கள். எங்கே தூங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

மிச்சம் இருப்பது உங்கள் மனைவியின் கேள்வி. என் வீட்டிலும் அதே கேள்வி பல வருடம் ஓடியது. உடம்புக்கு நல்லது என்றேன், நடந்தாலும் நல்லதுதானே என்றார். மனசுக்கு நல்லது என்றேன், பேசாமல் ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு முறை வீட்டிலிருந்து 45 கிலோமீட்டரில் பஞ்சர். அவசரத்தில் டயருக்குள் விரலை ஓட்டிப் பார்க்காமல் இருந்த ஒரே டியூபை மாற்றிவிட்டேன். டயர் ரப்பருக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பித் துண்டு இருந்திருக்கிறது. 200 மீட்டர் போவதற்குள் புது டியூபும் போனது. (டயரின் பெயர் அச்சடித்த இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்ததும் டயரில் எந்த இடத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும்.) பஞ்சர் ஒட்டுகிற பசைக் குழாயைத் திறந்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தபோது திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு நீண்ட ஏற்றம், அதன் மறுபக்கம் இறக்கம், அதன் பிறகு இன்னொரு ஏற்றம். இரண்டாவது ஏற்றத்தின் பாதியில் கேட்டார்: “இதையெல்லாம் மிதிச்சுக்கிட்டா வந்தீங்க?” ஆமாம் என்றேன். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

அதற்குப் பிறகு எதற்கு என்று கேட்பதில்லை. நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: “டியூப் ரெண்டு எடுத்துக்கிட்டீங்களா?”