திருகோணமலை ஹோட்டலில் வேலை போய்விட்டது. ஈரீஎப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசு ஏன் இழுபடுகிறது?

இலங்கையில் வேலையிழந்தோருக்கு மாதாந்தக் கொடுப்பனவு கிடையாது. ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதியம்) காசையும் பொதுவாகப் பெண்கள் 50, ஆண்கள் 55 வயதில்தான் எடுக்கலாம். ஆகவே உடனே கைக்கு வரக்கூடியது ஈரீஎப்: முதலாளி மாதம் உங்கள் சம்பளத்தின் 3% அளவு தன் காசில் கட்டியது. வேலை விட்டதும் வயது பாராமல் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்.

பெரும்பாலும் சிக்குவது பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும். நிறுவனம் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாற்றியோ, முதலெழுத்தை விட்டோ பதிந்திருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். படிவம் கொடுக்குமுன் சம்பளத் துண்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நிறுவனத்திடம் திருத்தக் கடிதம் வாங்குங்கள். அவர்கள் மறுத்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். முதலாளி காசு கட்டியும், யாருக்கு எவ்வளவு என்ற ஆள்வாரி விபரம் அனுப்பாவிட்டால் உங்கள் கணக்கில் அது ஏறாது. அந்த விபரத்தை அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள்.

ஐந்து வருடம் வேலை செய்து, அங்கே 15 பேருக்குக் குறையாமல் இருந்திருந்தால் பணிக்கொடையும் (வேலை விடும்போது முதலாளி தரும் தொகை) உண்டு: வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், 30 நாளுக்குள். தராவிட்டால் திருகோணமலை தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். அநியாயமாக நிறுத்தினார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போட வேண்டும். ஈரீஎப் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.