திருப்பும்போது பின்பக்கம் உறுமல்: டிபரன்ஷலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்புக்காரர். அவரிடம் 1998 ஹொண்டா சி.ஆர்.வி இருக்கிறது. மாரி காலத்தில் படுவான்கரை வயலுக்கும் அதில்தான் போய்வருகிறார். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பினால் பின்பக்கம் உறுமுகிறது. "டிபரன்ஷல் போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போடுவோம்" என்கிறது கராஜ். டிபரன்ஷல் என்பது இழுவையை இரு பக்கச் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்லுச் சக்கரப் பெட்டி; ரீகண்டிஷன் என்றால் பாவித்த ஒன்று. மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பிலும் (பிக்கப்) பின்னால் ஒரு இரைச்சல் கேட்கிறதாம், அதுவும் இதே வருத்தமா என்று சேர்த்துக் கேட்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல. சி.ஆர்.வியில் இப்போதைக்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம், ஒயிலை மாற்றிப் பாருங்கள். நான் கல்லடிப் பக்கம் கராஜ் வேலை செய்கிறவன். இந்த மாடல் இந்தச் சத்தத்தோடு வந்தால் நான் முதலில் எடுப்பது ஒயில் வாளியைத்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். 1995 முதல் 2001 வரை வந்த முதல் தலைமுறை சி.ஆர்.வியில் பின்னால் இருப்பது வெறும் டிபரன்ஷல் இல்லை. அதே ஹவுசிங்குக்குள் இரண்டு சின்ன ஒயில் பம்பும் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளச்சும் இருக்கின்றன. ஒரு பம்பை முன்னாலிருந்து வரும் புரொப்பெலர் ஷாஃப்ட் சுற்றும், மற்றதைப் பின் சில்லுகளின் பக்கம் சுற்றும். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒரு பம்ப் தள்ளும் ஒயிலை மற்றது குடித்துவிடும், அமுக்கம் எழாது. முன் சில்லு சேற்றில் சறுக்கினால் முன் பம்ப் வேகமாகச் சுற்றும். மிஞ்சுகிற ஒயில் கிளச் தட்டுகளை நெருக்கும், பின் சில்லுக்கு இழுவை போகும். கம்பியூட்டரும் இல்லை, பட்டனும் இல்லை. அந்தக் காலத்துக்கு நல்ல மூளை.

இனி உங்கள் சத்தத்துக்கு வருவோம். முழுக்க வெட்டித் திருப்பும்போது முன் சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின் சில்லுகள் சின்ன வட்டத்திலும் ஓடும். முன் பக்கம் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதால் லேசாக அமுக்கம் எழத்தான் செய்யும். ஒயில் நல்லதாக இருந்தால் தட்டுகள் வழுக்கிக்கொண்டு போய்விடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒயில் பழுதானால் தட்டுகள் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். இது வேகமாக நடக்கும்போது ஹவுசிங் முழுதும் அதிர்ந்து உறுமலாகக் கேட்கிறது. பல்லுச் சக்கரம் தேய்ந்த சத்தமல்ல இது.

சோதிக்க, வாகனத்தைப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓட்டிச் சூடாக்குங்கள். ஆளில்லாத தார் அல்லது கொங்கிறீட் வெளியில் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி, நடக்கிற வேகத்தில் வட்டம் போடுங்கள். அப்போது மட்டும் உறுமி, நேர் ஓட்டத்தில் சத்தமே இல்லை என்றால் ஒயில்தான். நேரே ஓடும்போதும் ஊளையிட்டால் அது வேறு விஷயம், கீழே ஹைலக்ஸுக்குச் சொல்வதைப் பாருங்கள்.

ஒயில் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. மட்டமான இடத்தில் வாகனம் நிற்க வேண்டும். பின் ஹவுசிங்கில் இரண்டு அடைப்பு நட் இருக்கும்: மேலே ஊற்றுவதற்கு, கீழே வடிப்பதற்கு. இரண்டிலும் சதுரக் குழி இருக்கும், அரை அங்குல ராட்செட் அல்ல, எட்டில் மூன்று அங்குல ராட்செட்டின் தலையே நேராக அதில் போகும். எப்போதும் மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் இது இறுகிப்போயிருக்கும். கீழ் நட்டைத் திறந்து ஒயிலை வடித்துவிட்ட பிறகு மேல் நட் அசையாவிட்டால், ஒயில் இல்லாத வாகனத்தோடு நடுமுற்றத்தில் நிற்பீர்கள்.

வடித்து, புது வொஷர் போட்டுக் கீழ் நட்டை இறுக்கி, மேல் துளையால் ஒயில் வழியும் வரை ஊற்றுங்கள். ஒரு லீற்றர் அளவுதான் பிடிக்கும். பிறகு வெளியில் எட்டுப் போடுவதுபோல் இரு பக்கமும் மாறி மாறி மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து, அதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். முதல் தடவையில் தட்டுகளுக்கிடையில் தங்கிய பழையது முழுதாக வராது. இரண்டாவது வடிப்பில் வருவதைப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

ஒயிலில் ஒரு பொறி இருக்கிறது. இதற்கு ஹொண்டாவின் டூயல் பம்ப் ஃபுளூயிட் மட்டும்தான். சர்விஸ் ஸ்டேஷன்களில் டிபரன்ஷல் என்றதும் பீப்பாயிலிருக்கும் 80டபிள்யூ-90 கியர் ஒயிலை அடித்துவிடுவார்கள். உறுமல் தொடங்கியதே அப்படி ஒரு சர்விஸுக்குப் பிறகு என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. உங்களுடையதில் அப்படி ஊற்றியிருந்தால் சரியான ஒயிலைப் போட்டு இன்னும் ஒன்றிரண்டு தடவை வடித்தெடுங்கள். ஓட்டோ கியர் பொக்ஸுக்கு ஊற்றும் ஏ.ரி.எஃப் ஒயிலும் இதற்கு ஆகாது. டயரையும் பாருங்கள். முன்னால் புதுச் சோடி, பின்னால் தேய்ந்த சோடி, அல்லது அளவே வேறு என்றால் முன்னும் பின்னும் ஒருபோதும் ஒரே வேகத்தில் சுற்றாது. நேர் ரோட்டில் கூட கிளச் அரை இழுவையிலேயே கிடந்து சூடாகும், புது ஒயிலும் சீக்கிரம் கெடும்.

இவ்வளவும் செய்தும் உறுமினால் தட்டுகளைக் கழற்றிப் பார்க்கலாம். அப்போதும் முழு ஹவுசிங்கையும் மாற்றுவது கடைசி வழி.

சரி, மாமாவின் ஹைலக்ஸ். இதில் பின் அக்சல் சாதாரண வகை, நடுவில் புரொப்பெலர் ஷாஃப்டின் சுழற்சியைச் சில்லுப் பக்கம் திருப்பும் பல்லுச் சக்கரச் சோடி (பெரியது கிரவுன் வீல், சின்னது பினியன்), இரு பக்கமும் அக்சல் ஷாஃப்ட். சத்தம் எப்போது மாறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. வாழைச்சேனைப் பக்கம் போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில் பாருங்கள்.

புதுத் தார், பழைய தார் என்று ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். கட்டைப் பல் சேற்று டயர் போட்ட கெப்கள் பாதிக்கும் இதுதான், டிபரன்ஷலைத் திட்டிப் பயனில்லை. ஓடிக்கொண்டே மெதுவாக இடம் வலமாக வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலச் சில்லில் ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பின் பெயரிங். அக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை, விட்டதும் அடங்குகிறது அல்லது குரல் மாறுகிறது என்றால்தான் கிரவுன்–பினியன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். முன் கியரிலிருந்து ரிவேர்ஸ் போடும்போது "டக்" என்று ஒரு அடி விழுந்தால் முதலில் புரொப்பெலர் ஷாஃப்டின் மூட்டிலிருக்கும் குரொஸைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது மலிவான சாமான், மாற்றுவதும் சுலபம்.

ஜக் அடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஹாண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லை. பின்பக்கத்தைத் தூக்கினால் வாகனத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள், ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள். ஃபோர்வீலில் போட்டு ஒரு சில்லை மட்டும் தூக்கிவிட்டு எஞ்ஜினில் ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். தரையில் நிற்கும் சில்லுக்கும் இழுவை போய் வாகனம் ஜக்கிலிருந்து பாயும்.

பின் சில்லின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் விரலால் தொட்டு மணந்து பாருங்கள். கந்தக வாடை வீசினால் கியர் ஒயில், அது கசியாமல் தடுக்கும் அக்சல் சீல் போயிருக்கிறது. வாடையில்லாமல் தண்ணியாக இருந்தால் பிரேக் சிலிண்டர். ஆனால் சீலை மாற்றும் முன் அக்சல் ஹவுசிங்கின் மேல் இருக்கும் மூச்சுக்குழாயைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அமுக்கம் ஏறி புதுச் சீலையும் தள்ளிவிடும். கியர் ஒயில் குடித்த பிரேக் ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

நம் மாவட்டத்தில் பின் அக்சலைக் கொல்வது ஓட்டமல்ல, தண்ணீர். மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் பாயும், வயல் வழிகளில் தாம்போதி மூழ்கும். ஓடி வந்த டிபரன்ஷல் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடுத்த நாள் வாகனம் நன்றாகவே ஓடும், அதனால் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பெயரிங் கத்தும். இறங்குமுன் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவது நல்லது. மூச்சுக்குழாய்க்கு ஒரு ரப்பர் குழாய் பூட்டி வாகனத்தின் பொடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது, அரை மணி நேர வேலை. வெள்ளம் வடிந்ததும் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் முழுதும் மாற்ற வேண்டும். வாவித் தண்ணீர் உப்பு கலந்தது என்பதால் அதில் இறங்கிய வாகனத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் டிரம்மையும் கழற்றிக் கழுவுங்கள்.

வடிக்கும் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம், துடைத்துவிட்டுப் பூட்டலாம். விரலில் குத்தும் துண்டு வந்தால் திறக்கத்தான் வேண்டும். ஹைலக்ஸ் டிபரன்ஷலுக்கு ஜி.எல்.-5 தரக் கியர் ஒயில். அதே போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று மனுவல் கியர் பொக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பித்தளை சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்கும் பெட்டிக்கு அது உகந்ததல்ல, கைநூலில் ஜி.எல்.-4 என்று போட்டிருந்தால் அதையே தேடி வாங்குங்கள்.

மாமாவின் கெப்பில் ஃபோர்வீல் வேலை செய்கிறதா என்பதையும் இந்தச் சாட்டில் பார்த்துவிடலாம். எஞ்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, ஃபோர்வீல் போடும் ட்ரான்ஸ்ஃபர் லீவரை 4எச்சில் வையுங்கள். முன் சில்லை அக்சல் ஷாஃப்டோடு பூட்டும் ஹப் இரண்டும் ஃப்ரீயில் இருக்கட்டும். அடியில் போய் முன் புரொப்பெலர் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். சுற்றாமல் இறுகி நின்றால் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் சரி. அதன்பின் ஹப் இரண்டையும் லொக் செய்து, முன் சில்லொன்றைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். அசையக் கூடாது. சுற்றினால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. எது என்பதை ஷாஃப்டே காட்டும்: சில்லு சுற்றும்போது அதே பக்க அக்சல் ஷாஃப்ட் சும்மா நின்றால் அந்த ஹப், மறுபக்க ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றினால் மறுபக்க ஹப். கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், பாவிக்காமல் கிடந்து இறுகியதுதான். மாதம் ஒருமுறை கடற்கரை மணலில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். இந்தக் கெப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே வேக வித்தியாசத்தை விடும் நடு டிபரன்ஷல் இல்லாததால் திருப்பத்தில் ஷாஃப்ட் முறுகும், பிறகு லீவர் வெளியே வராது. அப்படி மாட்டினால் லீவரை அடிக்காதீர்கள், நேராகக் கொஞ்சம் ரிவேர்ஸ் எடுங்கள், தானாகக் கழரும்.

 

கடைசியில் ஹைலக்ஸுக்கு ரீகண்டிஷன் டிபரன்ஷல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புமுன் பழையதன் விகிதத்தை, அதாவது சில்லுகள் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸில் 4.1, 4.3, 4.556 என்று பல உண்டு, வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சில்லைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்கி, சில்லிலும் புரொப்பெலர் ஷாஃப்டிலும் சோக்கால் கோடு போட்டு, சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மற்றச் சில்லு நிற்பதால் இந்த இரண்டு சுற்று, இரு சில்லும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றியதற்குச் சமம்; ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் என்றால் 4.1, நாலரையைக் கொஞ்சம் தாண்டினால் 4.556. பின்னால் வேறு விகிதம் போட்டுவிட்டால் சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. முதல் மழையில் சேற்றில் ஃபோர்வீல் போடும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

பினியன் சீல் மட்டும் மாற்றுவதென்றால் நட்டைக் கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்டிலும் சென்டர் பஞ்சால் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது, பெயரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். நட் இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் பெயரிங் இறுகிச் சூடேறிப் போய்விடும். அடையாளம் வைக்காமல் துப்பாக்கியைத் தூக்குகிற கராஜ் என்றால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.