எத்தனை சதவீதம் தடுப்பூசி போட்டால் கதவைத் திறக்கலாம்?

கேள்வி: அறுபது முதியவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கொரோனா காலத்தில் பார்வையாளர்களை எப்போது அனுமதிப்பது என்பதில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடந்தது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் அதே குழப்பம் நேரக்கூடாது என்பதற்காக இப்போதே ஒரு செயல்திட்டம் எழுதி வருகிறோம். ‘எழுபது சதவீதம் பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டதும் திறந்துவிடலாம்’ என்று எழுதச் சொல்கிறார்கள் சிலர். ‘தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்ததே, ஆகவே தொற்று முற்றிலும் ஒழியும்வரை திறக்கக்கூடாது’ என்கிறார்கள் வேறு சிலர். திட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது?

பதில்: ஒற்றைச் சதவீதத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், உங்கள் இல்லத்துக்கு அது ஏன் பொருந்தாது என்பதும் விளங்கும்.

2020இல் பரவிய முதல் வகைக் கிருமி, ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக இரண்டு முதல் மூன்று பேருக்குத் தொற்றியது. மூன்று பேர் என்றே கொள்வோம். அந்த மூவரில் இருவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தால், ஒருவர் ஒருவருக்குத்தான் பரப்ப முடியும், சங்கிலி வளராது. மூன்றில் இரண்டு என்பது ஏறத்தாழ 67 சதவீதம். இதுதான் பேச்சு வழக்கில் எழுபதாகிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கில் சொல்லப்படாத இரண்டு நிபந்தனைகள் உள்ளன: தடுப்பூசி நோயின் தீவிரத்தைக் குறைப்பதோடு நில்லாமல் தொற்றையே முழுமையாகத் தடுக்கவேண்டும், கிருமியும் மாறாமல் இருக்கவேண்டும். 2021இல் டெல்டா வகை வந்தபோது இரண்டுமே தகர்ந்தன. ஒருவர் ஆறு பேருக்குப் பரப்பும் கிருமியானால் தேவைப்படும் எதிர்ப்பாற்றல் 83 சதவீதம். தொற்றைத் தடுப்பதில் தடுப்பூசியின் திறன் 80 சதவீதம்தான் என்றால், 83ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை நூறைத் தாண்டிவிடும். அதாவது எல்லோருக்கும் ஊசி போட்டாலும் பரவல் தானாக நிற்காது. மேலும், இது ஒரு நாடு முழுவதற்கும் போட்ட கணக்கு. ஒரே கூரையின் கீழ் வாழும் அறுபது முதியவர்களுக்காகப் போட்டதன்று.

அடுத்து, தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது என்ற வாதம். அது உண்மைதான். ஃபைசர் தடுப்பூசியைச் சுமார் 43,000 தன்னார்வலர்களிடம் சோதித்தபோதே, போட்டுக்கொண்டோரில் 8 பேருக்கும் போலி ஊசி பெற்றோரில் 162 பேருக்கும் நோய் கண்டது. 95 சதவீதத் திறன் என்று சொல்லப்பட்டது இதிலிருந்துதான். மருத்துவமனைகளில் ஊசி போட்டவர்களே அதிகம் என்ற செய்தி பின்னாளில் பலரைக் கலங்கடித்தது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் முதியவர்களில் 950 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், 50 பேர் போடவில்லை. தொற்றினால் ஊசி போடாத நூறு பேரில் 20 பேருக்கு நோய் முற்றும். போட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே முற்றும். எல்லோருக்கும் தொற்றிவிட்டால், போடாத 50 பேரில் 10 பேரும் போட்ட 950 பேரில் 19 பேரும் மருத்துவமனைக்குப் போவார்கள். படுக்கைகளை எண்ணிப் பார்ப்பவருக்கு மூன்றில் இரு பங்கினர் ஊசி போட்டவர்களாகத் தெரிவார்கள். ஆனால் ஊசியே இல்லாதிருந்தால் அங்கே 29 பேருக்குப் பதில் 200 பேர் கிடந்திருப்பார்கள். உங்கள் குழுவில் அச்சத்தோடு பேசியவர்களிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாக விளக்குங்கள். அவர்கள் பார்த்த செய்தி பொய்யன்று. எந்த எண்ணை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதிலிருந்தே உங்கள் திட்டத்துக்கு வேண்டிய எண்ணும் கிடைக்கிறது. எத்தனை பேர் போட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இன்னும் பாதுகாப்பின்றி இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அறுபது பேரில் 57 பேர் போட்டுக்கொண்டால் 95 சதவீதம். கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் போடாத மூவரோடு, போட்டும் போதிய பாதுகாப்புக் கிடைக்காத ஐந்தாறு பேரையும் சேர்க்கவேண்டும். வயது கூடக்கூட உடலின் எதிர்ப்பாற்றல் மங்குகிறது. சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை அதை இன்னும் குறைக்கின்றன. ஆக, உங்கள் பட்டியலில் எட்டு ஒன்பது பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்கள் யாருடையவை, எந்த அறையில் இருக்கிறார்கள், யார் அவர்களைக் குளிப்பாட்டுகிறார், யார் உணவு கொண்டு போகிறார் என்பதுதான் நீங்கள் அறியவேண்டியது. பணியாளர்களையும் இதே பட்டியலில் சேருங்கள். பார்வையாளர்களுக்குக் கதவை மூடியிருந்த காலத்திலும் நாள்தோறும் வெளியிலிருந்து உள்ளே வந்துபோனவர்கள் அவர்கள்தான். பிரித்தானியாவில் தடுப்பூசி முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரியிலேயே முதியோர் இல்லவாசிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் ஒன்றாகச் சேர்த்தது இதனால்தான்.

ஊசி போட்ட நாளும் பாதுகாப்பு வரும் நாளும் ஒன்றல்ல என்பதைத் திட்டத்தில் அழுத்தமாக எழுதுங்கள். முதல் தவணை முடிந்ததுமே மனம் தளர்ந்துவிடுகிறது. கூடுதல் தவறுகள் நேர்வது அப்போதுதான். சிலி நாடு 2021இன் தொடக்கத்தில் உலகிலேயே மிக விரைவாக ஊசி போட்ட நாடுகளில் ஒன்று. ஆனாலும் மார்ச் மாத இறுதியில் தலைநகர் சாண்டியாகோவில் மீண்டும் ஊரடங்கு போட நேர்ந்தது. அங்கே பெரும்பாலும் போடப்பட்ட கொரோனாவேக் தடுப்பூசியை ஆராய்ந்தபோது, ஒரு தவணை 15.5 சதவீதமும் இரண்டு தவணைகள் 65.9 சதவீதமும் நோயைத் தடுத்தது தெரியவந்தது. மருத்துவமனைக்குப் போகும் நிலையை இரண்டு தவணைகள் 87.5 சதவீதம் தடுத்தன. டெல்டாவுக்கு எதிராக ஃபைசரின் ஒரு தவணை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பையும் இரண்டு தவணைகள் 88 சதவீதத்தையும் அளித்ததாகப் பிரித்தானிய ஆய்வு காட்டியது. எனவே உங்கள் கணக்கில், கடைசித் தவணை போட்டு இரண்டு வாரம் கடந்தவரை மட்டுமே பாதுகாப்புப் பெற்றவராகக் கொள்ளுங்கள். மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பாதுகாப்பும் தேயும். இஸ்ரேல் 2021 ஜூலை இறுதியிலேயே அறுபது வயதைக் கடந்தோருக்கு மூன்றாவது தவணை போடத் தொடங்கியது இதற்காகத்தான். தவணைத் தேதிகளை ஆண்டு முழுவதும் கவனிக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

திறப்பதைப் பொறுத்தவரை, இங்கிலாந்து அப்போது கையாண்ட முறை எனக்குப் பிடித்தமானது. அதைக் குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் தர்க்கம் தெளிவாக இருந்தது. 2021 பிப்ரவரி 22 அன்று அறிவித்த தளர்வுத் திட்டத்தில் நான்கு படிகள் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது ஐந்து வாரங்கள். ஏன் ஐந்து? இன்று ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், அதனால் தொற்றுக்கு ஆளானவருக்கு அறிகுறி தோன்றி, நோய் முற்றி, மருத்துவமனைப் புள்ளிவிவரத்தில் அது தெரியவர நான்கு வாரம் ஆகும். மக்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு வாரம். அடுத்த படிக்குப் போகுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடினார்கள்: ஊசி போடும் பணி திட்டப்படி நடக்கிறதா, அது நோய் முற்றுவதையும் இறப்பையும் உண்மையில் குறைக்கிறதா, மருத்துவமனைகள் தாங்குமா, புதிய வகைக் கிருமியால் நிலைமை மாறியிருக்கிறதா. இறுதிப் படிக்குக் குறித்திருந்த ஜூன் 21, டெல்டாவால் ஜூலை 19க்குத் தள்ளிப்போனது. தேதி நிபந்தனைக்குக் கீழ்ப்பட்டு நின்றது. உங்கள் திட்டத்திலும் அப்படியே நிற்கட்டும்.

முதியோர் இல்லங்களுக்கும் அங்கே இதே போன்ற படிகள் இருந்தன. அந்த நாட்டில் முதல் ஊசி போடப்பட்டது 2020 டிசம்பர் 8ஆம் தேதி. 2021 மார்ச் 8 முதல் ஒவ்வொருவரையும் உள்ளே வந்து பார்க்க, முன்னரே பெயர் குறித்த ஒரு உறவினர் அனுமதிக்கப்பட்டார். பரிசோதனை செய்துகொண்டு, முகக்கவசம் அணிந்து வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 12 முதல் இருவர், மே 17 முதல் ஐவர். இந்த ஒன்று, இரண்டு, ஐந்து என்ற வரிசையை உங்கள் அளவுக்கு மாற்றி எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லோரையும் விடுவதற்கும் ஒருவரையும் விடாததற்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது. ஜன்னல்கள் திறந்த காற்றோட்டமான அறை, நுழையுமுன் விரைவுப் பரிசோதனை, காய்ச்சலோ இருமலோ உள்ளவர் வராதிருத்தல் ஆகியவை ஒவ்வொரு படியிலும் தொடரவேண்டியவை.

தொற்று ஒழியும்வரை மூடியிருக்கலாம் என்போரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஒழியாவிட்டால்? உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்தபோதும் கிருமி ஒழிந்திருக்கவில்லை. டென்மார்க் 2022 பிப்ரவரி 1 அன்று கட்டுப்பாடுகளை விலக்கியபோது அங்கே தொற்று எண்ணிக்கை மிக உயர்ந்திருந்தது. நோய் முற்றியவர்கள் அதற்கேற்பக் கூடவில்லை என்பதே அவர்கள் பார்த்த அளவுகோல். மூடிய கதவும் ஆளைத் தின்னும். நான் கவனித்துவந்த இல்லம் ஒன்றில், மகனைக் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே பார்க்க முடிந்த மூதாட்டி ஒருவர் மெல்ல மெல்ல உண்பதையும் பேசுவதையும் நிறுத்திவிட்டார். அவருக்குக் கடைசிவரை கொரோனா வரவில்லை. ஊசி போட்டு முடித்த பிறகும் மூடியே வைத்திருந்த அந்த வாரங்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அதனால், மரணத் தறுவாயில் இருப்பவரைக் காண வருபவருக்கு எந்தப் படியிலும் தடையில்லை என்று திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மீண்டும் மூடவேண்டி வரலாம் என்பதையும் திறக்கும் நாளிலேயே சொல்லுங்கள். இஸ்ரேல் 2021 ஜூன் 15 அன்று உள்ளரங்க முகக்கவச விதியை நீக்கி, பத்தே நாளில் மீண்டும் கொண்டுவந்தது. அதே டென்மார்க் 2021 செப்டம்பர் 10 அன்று எல்லாவற்றையும் நீக்கி, நவம்பரில் சிலவற்றைத் திரும்ப அமல்படுத்தியது. ‘இனி எல்லாம் முடிந்தது’ என்று சொல்லித் திறந்தால், மறுபடி மூடும்போது ஏமாற்றிவிட்டதாகவே உறவினர்கள் நினைப்பார்கள். எது நடந்தால் ஒரு படி பின்னே போவீர்கள் என்பதை, உதாரணமாக இல்லத்தில் ஒரே வாரத்தில் இருவருக்குத் தொற்று உறுதியானால் என்று, முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாள் கழித்து மறுபரிசீலனை செய்வீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முடிவுநாள் குறிக்காத தடை எதையும் விதிக்காதீர்கள்.

ஒரு வேலையைத் திட்டம் எழுதி முடிக்கும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசி, தடுப்பூசி வந்தால் போட்டுக்கொள்ளச் சம்மதமா, ஒருவருக்குத்தான் அனுமதி என்றால் யார் வரவேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.